மூலை மேசை

2020 மார்ச் 14, சனிக்கிழமை இரவு. டப்ளினின் டெம்பிள் பார் பகுதியில் ஒரு பப்புக்குள் கூட்டம் தோளோடு தோள் உரசி நின்று தொண்டை கிழியப் பாடும் காணொளி நாடெங்கும் பரவியது. கொரோனாவால் பள்ளிகளை மூடி அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஊரில் எழுந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாளே எல்லா பப்களையும் மூடும்படி அரசு கேட்டுக்கொண்டது. செயின்ட் பாட்ரிக் திருநாளுக்கு இரண்டே நாள் பாக்கி. கிடங்குகளில் பீப்பாய் பீப்பாயாகப் பீர் வந்து இறங்கியிருந்த நேரம்.

இசையின் தலையில் பழி விழுந்தது அந்த இரவில்தான் என்று நினைக்கிறேன். அடுத்த இரண்டு வருடங்களில் பப் எத்தனை தடவை திறந்தாலும் இசைக்காரர்களைக் கடைசியாகத்தான் உள்ளே விட்டார்கள். நோய்க் கணக்குப்படி பார்த்தால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காணொளியில் இருந்தது ஊரே சேர்ந்து கத்துகிற பாட்டு. அயர்லாந்து பப்பில் இன்னொரு இசை உண்டு. அதில் ஒருவரும் கத்துவதில்லை. பாதி நேரம் யாரும் பாடுவதுகூட இல்லை.

*

அதை செஷன் என்பார்கள். பப்பின் ஒரு மூலையில் ஒரு மேசை. சுற்றி ஐந்தாறு பேர். ஃபிடில், மரப் புல்லாங்குழல், டின் விசில், கான்செர்ட்டினா, பாஞ்சோ, கையில் பிடித்துச் சிறு கோலால் தட்டும் பவ்ரான் என்னும் தோல் வாத்தியம். மேடை கிடையாது, மைக் கிடையாது, "அடுத்ததாக நாங்கள் வாசிக்கப்போவது" என்ற அறிவிப்பும் கிடையாது. வாசிப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். நமக்குத் தெரிவது பெரும்பாலும் முதுகுதான்.

யாரோ ஒருவர் தொடங்குவார். மெட்டு தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். ஒரு மெட்டுக்கு வழக்கமாக எட்டெட்டுத் தாள அளவுள்ள இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்து, மொத்தத்தையும் மூன்று சுற்று வந்தபின், மூச்சு விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். எப்போது தாவுவது, எதற்குத் தாவுவது என்பதெல்லாம் ஒரு புருவ அசைவில் முடிந்துவிடும். கச்சேரியைவிட நம் ஊர் பஜனைக்குத்தான் இது பக்கத்தில் வரும். கேட்க வந்தவருக்காக நடப்பதில்லை, ஆனால் கேட்க வந்தவரை விரட்டுவதும் இல்லை.

டாஸ்மாக் பாரை மட்டும் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஞாயிறு மதியச் செஷனில் தாத்தா ஃபிடில் வாசிக்க, பக்கத்தில் பேத்தி விசிலோடு உட்கார்ந்திருப்பாள். அவள் முன்னால் ஆரஞ்சு ஜூஸ். நான் குடிப்பவன் இல்லை. ஒரு குவளை சோடாவை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் முகம் சுளித்ததில்லை.

*

பணக் கணக்கு எளிது. வழக்கமாக இரண்டு அல்லது மூன்று பேருக்குத்தான் முதலாளி சம்பளம் தருவார். குறித்த நாளில், குறித்த நேரத்தில் வந்து செஷனைத் தொடங்கி வைக்கிற பொறுப்பு அவர்களுடையது. மற்றவர்கள் சும்மா வருகிறவர்கள். சில கடைகளில் அவர்களுக்கு ஒரு பைண்ட் பீரோ தேநீரோ வரும், சில கடைகளில் அதுவும் வராது.

முதலாளிக்கு உண்மையான செலவு அந்த மேசைதான். ஆறு நாற்காலிகள், இரவு முழுவதும், அதிகம் குடிக்காத ஆட்களுக்கு. கூட்டம் நெரியும் வெள்ளி இரவில் அதன் விலை என்ன என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவைத்திருந்தார். ஊரடங்குக்குப் பிறகு பப் இசை மீண்டு வந்ததா என்று கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூலை மேசை திரும்பி வந்ததா?

*

ஒன்பது யூரோ. 2020 ஜூன் 29 முதல், "கணிசமான உணவு" விற்கும் பப்கள் திறக்கலாம் என்றார்கள். அந்த உணவின் விலை குறைந்தது 9 யூரோ இருக்க வேண்டும். உணவு விற்காத பப்களுக்கு ஜூலை 20 என்றார்கள், பிறகு ஆகஸ்ட் 10, பிறகு ஆகஸ்ட் 31. கடைசியில் செப்டம்பர் 21 அன்று திறந்தன, அதுவும் டப்ளின் நீங்கலாக. ஒரு மாதத்தில் மறுபடி எல்லாம் மூடல்.

நல்ல செஷன் நடக்கிற பப்களில் பல, சாப்பாட்டுப் பக்கமே போகாதவை. பீர், விஸ்கி, ஒரு பாக்கெட் உருளைக்கிழங்கு வறுவல், அவ்வளவுதான். ஆக, பீட்சா போட்ட கடை திறந்தது, ஃபிடில் வாசித்த கடை பூட்டிக் கிடந்தது. பீட்சா வைரஸை எப்படித் தடுத்தது என்று இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

திறந்த கடைகளிலும் இடைவெளி விதியால் இருக்கைகள் பாதியாகின. அப்போது மூலை மேசைக்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டப்பட்டது. அங்கே இப்போது நால்வர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

*

பாட்டு ஆபத்தா? 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்கு நோய், 2 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பாட்டு என்றாலே சுகாதாரத் துறைகள் அலறியதில் வியப்பில்லை.

அதே ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாடகர்களை அறுவை அரங்கின் சுத்தமான காற்றில் நிறுத்திப் பாடவைத்து, வாயிலிருந்து வரும் நுண்துளிகளை அளந்தார்கள். ஒரே சத்தத்தில் பேசுவதற்கும் பாடுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சத்தம் ஏறினால்தான் வித்தியாசம்: மிக மெல்லிய குரலிலிருந்து மிக உரத்த குரலுக்குப் போனால் 20 முதல் 30 மடங்கு. பிறகு ஊது வாத்தியங்களையும் அளந்து, அவற்றிலிருந்து வருவது சாதாரண மூச்சில் வருகிற அளவுக்குத்தான் என்று கண்டார்கள்.

அப்படியானால், இரைச்சலான பப்பில் பக்கத்து ஆளிடம் கத்திப் பேசுகிறவரைவிட மூலையில் புல்லாங்குழல் வாசிக்கிறவர் சாது. கத்துகிறவருக்கு அனுமதி இருந்தது, ஊதுகிறவருக்கு இல்லை. செஷன் நன்றாக நடக்கும் பப்பில் ஜனங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள் என்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். விதி எழுதுகிறவருக்கு அதை யார் சொல்வது?

இல்லன் பைப் என்ற ஐரிஷ் பைப்பை நினைத்துக்கொண்டேன். ஸ்காட்லாந்து பைப்பைப் போல அதை வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கையின் கீழே சிறு துருத்தி, இடது கையின் கீழே பை. காற்றுக்கும் வாசிப்பவரின் நுரையீரலுக்கும் சம்பந்தமே இல்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டே ரீல் என்னும் வேக மெட்டு ஒன்றை வாசித்துவிடலாம். 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய வாத்தியம். கொள்ளைநோய்க் காலத்துக்கென்றே வடித்துவைத்ததுபோல் இருந்தும் அதுவும் வீட்டில்தான் கிடந்தது.

*

ஸூமில் செஷன் நடக்காது. முயன்று பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாலையில் கண்டுபிடித்துவிட்டார்கள். சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இடையே ஒலித் தாமதம் 25, 30 மில்லி நொடியைத் தாண்டினால் கால் தடுமாறும். அறைக்குள் ஒலி பத்து மீட்டர் கடக்கிற நேரம் அது. காணொளி அழைப்பில் தாமதம் சர்வசாதாரணமாக 100 மில்லி நொடிக்கு மேல். ரீல் ஓடுகிற ஓட்டத்தில் நொடிக்கு ஏழெட்டு சுரம் விழும். அதாவது நண்பர் ஒரு முழுச் சுரம் பின்தங்கி வந்துகொண்டிருப்பார். அவருக்கோ நீங்கள் பின்தங்கியிருப்பீர்கள்.

எனவே ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் ஒலியை அணைத்துவிட்டுத் தங்கள் வீட்டில் கூடவே வாசித்தார்கள். அது பாடம் கற்க உதவியது. கிளேர் மாவட்டத்து ஆசிரியரிடம் கடல் கடந்த மாணவர்கள் கற்றுக்கொண்டது அந்த நாள்களின் நல்ல விஷயம். ஆனால் புருவ அசைவு கம்பி வழியே வராது.

*

இந்த வழக்கம் ஆதிகாலத்தது என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். பப் செஷனுக்கு நூறு வயதுகூட ஆகவில்லை.

பழைய இசை இருந்தது சமையலறையில். கணப்பு எரியும் பெரிய சமையலறை, கல் பாவிய தரை, அண்டை வீட்டார் வந்து ஆட்டம். பாதிரியார்களுக்கு அது பிடிக்கவில்லை. 1935-ல் பொது நடனக்கூடச் சட்டம் வந்தது. நடனத்துக்கு உரிமம் வேண்டும் என்றார்கள். சட்டம் பொது நடனத்துக்குத்தான், ஆனால் பாதிரியாரும் போலீஸும் பல ஊர்களில் வீட்டு ஆட்டங்களின் கதவையும் தட்டினார்கள். பிறகு பிழைக்கப் போனவர்கள். போருக்குப் பிந்தைய லண்டனில் கட்டடம் கட்டவும் சாலை போடவும் போன ஐரிஷ் ஆட்களுக்கு வாடகை அறைதான் வீடு. அங்கே சமையலறை ஏது, வீட்டுக்காரம்மா ஃபிடிலுக்குச் சம்மதிப்பது ஏது? கென்டிஷ் டவுன், கேம்டன் டவுன், ஹாலோவே பக்கத்து பப்களில் போய் உட்கார்ந்தார்கள். செஷன் என்று இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அங்கே உருவானது.

1951-ல் மரபிசையைப் பேணும் கோல்தஸ் அமைப்பு தொடங்கி, முல்லிங்கரில் முதல் ஃபிளா இசைத் திருவிழா நடந்தது. திருவிழா முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாதவர்கள் பப்களில் நிரம்பினார்கள். 1962 வாக்கில் டப்ளினின் ஓ'டோனஹூஸ் பப்பிலிருந்து த டப்ளினர்ஸ் குழு கிளம்பியது. அதற்குப் பிறகுதான் பப் முதலாளிகளுக்கே இது வியாபாரத்துக்கு நல்லது என்று உறைத்தது.

ஆக 2020-ல் நடந்தது, இசை சமையலறைக்கே திரும்பிப் போனது. கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, பின்னால் துணி காய, எத்தனை பேர் வாசித்தார்கள்! அவற்றில் சில, ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த இசைத்தட்டுகளைவிட எனக்குப் பிடித்திருந்தன.

*

2021-ன் நாள்காட்டியைச் சும்மா குறித்து வைக்கிறேன், மறந்துவிடும். ஜூன் 7: வெளியே உட்கார்ந்து குடிக்கலாம். ஜூலை 26: தடுப்பூசிச் சான்று காட்டினால் உள்ளே உட்காரலாம். ஆகஸ்ட் 22: குரோக் பார்க் மைதானத்தில் ஹர்லிங் விளையாட்டின் இறுதிப்போட்டி, 40,000 பேர். அன்றைக்கும் நாட்டில் ஒரு பப்பின் உள்ளே மூவர் உட்கார்ந்து ஒரு ஜிக் மெட்டு வாசிக்க அனுமதி இல்லை. இசைக்காரர்கள் கொதித்ததில் தப்பே இல்லை. செப்டம்பரில் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது. அக்டோபர் 22-க்கு இன்னும் கொஞ்சம். பிறகு ஓமிக்ரான். டிசம்பர் 20 முதல் இரவு 8 மணிக்கு பப் மூடல்.

இரவுச் செஷன் ஒன்பதரைக்குத்தான் தொடங்கும். எட்டு மணிக்கு மூடு என்பதை மரியாதையான தடை என்று வைத்துக்கொள்ளலாம்.

2022 ஜனவரி 21 மாலை பிரதமர் மீஹால் மார்ட்டின் தொலைக்காட்சியில் பேசினார். மறுநாள் காலை 6 மணியோடு ஏறக்குறைய எல்லாத் தடையும் போனது. 22 மாதங்கள்.

*

திரும்பி வந்தவர்களைப் பார்த்ததில் சில.

விரல் மறக்கவில்லை, வரிசை மறந்திருந்தது. முதல் மெட்டு சரி, அதற்கடுத்து எது என்று ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். மெட்டுகளைக் கோத்து வைப்பது அந்தந்த மேசையின் வழக்கம். அது யார் தலையிலும் தனியாக இருப்பதில்லை போலிருக்கிறது.

வயதானவர்களில் சிலர் வரவே இல்லை. சிலர் இறந்துவிட்டார்கள். சிலருக்கு அந்த இரண்டு வருடத்தில் மாலை ஏழு மணிக்கு வீட்டுக் கதவைத் தாழிடும் பழக்கம் வந்துவிட்டது. அவர்களுக்கு மட்டும் தெரிந்த மெட்டுகளின் கதி என்ன?

சுற்றுலாக்காரர்கள் நிறையும் பகுதிகளில் இசை எல்லாருக்கும் முன்பாகத் திரும்பியது, ஆனால் வேறு உருவத்தில்: ஒரு கிட்டார், ஒரு பாஞ்சோ, ஒரு ஒலிபெருக்கி, சிறு மேடை. இருவருக்குக் கூலி, ஆறு நாற்காலி மிச்சம். இதை மறுமலர்ச்சி என்று பத்திரிகைகள் எழுதின. பிழைப்புக்காக வாசிக்கிறவர்கள் மேல் எனக்குக் குறையில்லை, வாடகை கட்ட வேண்டுமே. என் குறை முதலாளி மேல்தான். மேடை போட்டவர் மறுபடி மூலை மேசை போடமாட்டார். மைக் வந்த இடத்தில் சும்மா வருகிறவருக்கு உட்கார இடமில்லை. பெட்டியோடு வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போன ஒரு குழல்காரரைப் பார்த்தேன். பெட்டியைத் திறக்கவே இல்லை அவர்.

கிராமத்துப் பப்களில் மெதுவாக, ஆனால் ஒழுங்காகத் திரும்பியது. அங்கே அதற்கு ஒரே ஆள் போதும்: செவ்வாய் என்றால் செவ்வாய், மழையோ காற்றோ, வந்து உட்காருகிற ஒருவர். முதல் வாரம் தனியாக வாசிப்பார். நாலாவது வாரம் நால்வர் இருப்பார்கள்.

*

2021 இலையுதிர் காலத்தில் டப்ளின் ஸ்மித்ஃபீல்டில் த காபிள்ஸ்டோன் பப்புக்கு வேறு ஆபத்து வந்தது. வருடக்கணக்காக முல்லிகன் குடும்பம் நடத்துகிற கடை, நகரத்தில் செஷன் கேட்க வேண்டுமென்றால் முதலில் சொல்லப்படுகிற பெயர். அந்த இடத்தைச் சுற்றியும் மேலேயும் ஒன்பது மாடி ஓட்டல் கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பித்தது. முன்கூடம் அப்படியே இருக்கும் என்றார்கள். பாடம் நடக்கிற, நிகழ்ச்சி நடக்கிற பின்கூடம் போய்விடும்.

அக்டோபரில் இசைக்காரர்கள் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாசித்தபடியே நகரசபை அலுவலகம் வரை ஊர்வலம் போனார்கள். பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள்.  நவம்பரில் நகரசபை விண்ணப்பத்தை நிராகரித்தது.

பப் பூட்டிக் கிடந்த காலத்தில் இந்த விண்ணப்பம் வந்திருந்தால் இவ்வளவு பேர் திரண்டிருப்பார்களா என்று யோசிக்கிறேன். ஒன்றரை வருடம் இல்லாமல் இருந்து பார்த்ததால்தான் அந்தக் கோபம். கொள்ளைநோயால் செஷனுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுவாக இருக்கலாம். வைரஸ் தடைகளுக்கு முடிவுத் தேதி இருந்தது, டப்ளின் நில விலைக்கு இல்லை.

*

அரசுப் பணம். ஊரடங்கில் வேலை இழந்தவர்களுக்கு வாரம் 350 யூரோ வரை தந்தார்கள், இசைக்காரர்களுக்கும் கிடைத்தது. ஆண்டு முழுவதும் நிலையாக ஒரு தொகை வந்ததே வாழ்நாளில் அதுதான் முதல் தடவை என்று பாதி வெட்கத்தோடு சொன்னவர்கள் உண்டு. அடுத்து 2022-ல் கலைஞர்களுக்கான அடிப்படை வருமானச் சோதனை: குலுக்கலில் 2,000 பேர், வாரம் 325 யூரோ, மூன்று வருடம். தகுதி பெற்ற விண்ணப்பங்கள் 8,000-க்கும் மேல். 2025-ல் இதை நிரந்தரமாக்கப் போவதாக அறிவித்தார்கள்.

நிகழ்ச்சிக்கு மானியம் தருவதைவிட இது புத்திசாலித்தனம். நிகழ்ச்சி மானியத்துக்கு அரங்கின் பெயர், நுழைவுச்சீட்டு எண்ணிக்கை, வரவு செலவு எல்லாம் எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமை மூலையில் உட்காருகிறவர் எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவார்? ஆளுக்குப் பணம் கொடுத்துவிட்டால், அவர் எங்கே உட்காருகிறார் என்று அரசு கேட்க வேண்டியதில்லை.

நாற்காலிக்கு மட்டும் இன்னும் யாரும் மானியம் தரவில்லை. செஷனுக்கு மேசை விடும் பப்புக்கு வரியில் ஏதாவது விட்டுக்கொடுத்தால் என்ன என்று ஒரு முதலாளியிடம் கேட்டேன். "ஆய்வாளர் வரும்போது மட்டும் வாசிப்பார்கள்" என்றார்.

*

கிளேர் மாவட்டத்தின் மில்டவுன் மால்பேயில் ஒவ்வொரு ஜூலையும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி நடக்கும். 1973-ல், பள்ளிக்குப் பெயர் தந்த அந்தப் பைப் கலைஞர் இறந்த ஆண்டிலேயே தொடங்கியது. காலையில் வகுப்பு, மாலையிலிருந்து விடியும்வரை ஊரின் ஒவ்வொரு பப்பிலும் செஷன். 2020, 2021 இரண்டிலும் ஊர் வெறிச்சென்று கிடந்தது. 2022-ல் திரும்பியது. முல்லிங்கரின் ஃபிளா திருவிழாவும் அப்படியே, அதே கோடையில்.

பிள்ளைகள் விஷயத்தை எழுதாமல் விட்டால் குறையாகிவிடும். சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இரவு 9 மணிக்கு மேல் பப்பில் இருக்கக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. ஆகவே அவர்களின் செஷன் ஞாயிறு மதியம்தான். எந்த மெட்டில் சேரலாம், எப்போது சும்மா இருக்க வேண்டும், பெரியவர் கண்ணைச் சிமிட்டினால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் அந்த மதியங்களில் ஒட்டிக்கொள்வது. திரும்பி வந்த பிள்ளைகளிடம் ஒரு வித்தியாசம் தெரிந்தது. வேகமாக வாசித்தார்கள், சுத்தமாக வாசித்தார்கள், இரண்டு வருடம் திரையில் படித்த படிப்பு. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஃபிளா போட்டிகளில் வயதுப் பிரிவுகள் உண்டு. முதல் பிரிவு 12 வயதுக்குக் கீழே. 2019-ல் பத்து வயதாக இருந்து, அடுத்த வருடம் கலந்துகொள்ளலாம் என்று காத்திருந்த பிள்ளை, 2022-ல் பதின்மூன்று வயதில் நேராக இரண்டாவது பிரிவில் போய் நின்றது.